நாற்பத்தோராம் இடம்

1978 டிசம்பர் 28: பழைய சைக்கிள் ஒன்று, ரூ. 210.00
1979 ஜனவரி 1 முதல்: சைக்கிள் படி வரவு, மாதம் ரூ. 12.00
1980 மார்ச் 3: பிரேக் கட்டை நான்கு, லாரி டயரில் வெட்டியது, ரூ. 1.50
1982 ஜூன் 19: முன் ஃபோர்க், ரூ. 38.00
1983 ஆகஸ்ட் 6: பின் ரிம், ரூ. 27.50
1984 டிசம்பர் 11: முன் டயர், பின் டயர், ரூ. 64.00
1985 மே 9: செலவு இல்லை

மேலே உள்ளவற்றில் 'செலவு இல்லை' என்று எழுதிய தேதி ஒன்றுதான். அப்துல் சுபானுக்கு அதிக விலை வைத்த தேதியும் அதுதான்.

அவர் 1935 பிப்ரவரி 3 அன்று தர்மபுரியில் பிறந்தார். தகப்பனார் சந்தையில் மாடுகளுக்கு லாடம் அடித்தவர். மகன் பள்ளிக்கூடம் முடித்து, மலேரியா ஒழிப்பில் ஊழியராகச் சேர்ந்தார். வீடு வீடாகப் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும். இருந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி எடுத்து வர வேண்டும். வந்து போனதற்கு அத்தாட்சியாக, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அச்சிட்ட கட்டத்துக்குள் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இப்படி. பதினெட்டு வருஷம் சமவெளியில் இதைச் செய்தார். 1979 ஜனவரியில் வத்தல்மலைக்கு மாற்றினார்கள்.

மலையில் பத்து ஊர், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. அடிவாரத்திலிருந்து மேலே போக ஒரே ஒரு பாதை. அது பாதை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்; மழைத்தண்ணீர் இறங்கின வழியில் ஆடும் மனிதரும் ஏறினார்கள், அவ்வளவுதான். ஆனால் மாவட்ட அலுவலகத்தில் யாரோ ஒருவர் வரைபடத்தின் மேல் நூலை வைத்து அளந்து, ஒன்பது கிலோமீட்டர் என்று கண்டு, பக்கத்தில் 'சைக்கிள் வழி' என்று எழுதிவிட்டார். நூலுக்கு மேடு பள்ளம் தெரியாது. சைக்கிள் வழி என்றால் ஓர் ஆள். நடை வழி என்றால் இரண்டு ஆட்கள். எனவே மலைக்கு ஓர் ஆள் வந்தார், அவருக்கு மாதம் பன்னிரண்டு ரூபாய் படியும் வந்தது.

முதல் இரண்டு மாதம் அவர் சைக்கிளை அடிவாரத்து டீக்கடையில் நிறுத்திவிட்டு நடந்து ஏறினார். பிப்ரவரி 20 அன்று மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்க, ஒரு பாறையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி காய்ச்சலைப் பற்றியது அல்ல.

"சைக்கிள் எங்கய்யா?"

"கீழ இருக்குதுங்க."

"சைக்கிள் படி வாங்குறீங்கல்ல? அப்ப பணியிடத்துல சைக்கிள் இருக்கணும்."

ஒன்பதாம் நாள் குறிப்பாணை வந்தது. மார்ச் 5 முதல் அப்துல் சுபான் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறினார். பதினெட்டரைக் கிலோ, அரிசிக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, அதன் மேல் சைக்கிளின் நடுக்கம்பி. மேலே போய்ச் சேர இரண்டு மணி இருபது நிமிடம்.

மலைக்காரர்கள் முதலில் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். உச்சி ஊரில் சாமை விதைக்கும் மாதையன்தான் முதலில் கேட்டார்.

"பாயிங்க, தப்பா நெனைக்காதீங்க. சைக்கிளுக்கு மலையச் சுத்திக் காட்டறதா ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

ஏறுவதில் அவருக்கு வருத்தமில்லை. இறங்குவதுதான் முழங்காலைத் தின்றது. தோளில் பாரம், காலடியில் சரளை. ஆறாம் மாதத்தில் ஒருநாள், கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து இருபது கெஜம் ஓட்டினார். அடுத்த வாரம் முப்பது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை.

பாறையில் சைக்கிள் விட யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை; சொல்லித்தர அந்த ஜில்லாவில் ஆளும் இல்லை. விழுந்து விழுந்து கற்றார். சீட்டில் உட்கார்ந்தால் சைக்கிள் தூக்கி எறியும். பெடலின் மேல் நின்று, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டால் எறியாது. கல்லைப் பார்த்தால் சைக்கிள் கல்லுக்கே போகும். கல்லைத் தாண்டி இருக்கும் இடுக்கைப் பார்த்தால் இடுக்குக்குப் போகும். டயரில் காற்று நிறைய இருந்தால் வழுக்கும். பின் டயரில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் சக்கரம் பாறையைப் பிடித்துக்கொண்டு போவதைக் கண்டார். அன்று முதல் மேலே போனதும் வால்வை அழுத்திப் பாதிக் காற்றை விட்டுவிடுவார்.

நன்றாக ஓட்டினோமா இல்லையா என்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. கேரியரில் மரப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்கு நடுவே ஸ்லைடுகள். 1979இல் வழியில் உடைந்தவை அறுபத்தொன்று. 1981இல் இருபத்திரண்டு. 1984இல் மூன்று.

பென்னாகரம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த அக்பர் அலி அவருடைய மனைவிக்குத் தம்பி. பிரேக் கட்டை வாங்க வரும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்.

"மச்சான், ஊர்ல எல்லாரும் வருசத்துக்கு ஒருக்கா கட்டை மாத்துறாங்க. நீங்க மாசாமாசம் வர்றீங்க. சைக்கிளுக்குக் கட்டையத்தான் சோறா போடுறீங்களா?"

அக்பர் அலி இரண்டு வருஷம் அரபு நாட்டில் இருந்து வந்தவர். 1983இல் மழையே இல்லாத கோடையில், அந்தக் கட்டைகள் எங்கேதான் போகின்றன என்று பார்க்க ஒரே ஒருமுறை மலைக்கு வந்தார். உண்ணிச்செடி முழுவதும் கருகி, மலை வெறும் கல்லாக நின்றது. பாதிவழியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பாலைவனத்துலயே ரெண்டு வருசம் இருந்தேன். அங்கயாவது மணல் இருந்துச்சு, விழுந்தா வலிக்காது" என்றார். அங்கிருந்தே திரும்பி நடந்தார். அப்துல் சுபானுக்கோ அந்த வறட்சி பெரிய உதவி. செடி மறைக்காததால், மேலிருந்தே பாதை முழுவதையும் வரி வரியாகப் படிக்க முடிந்தது.

இதே வருஷங்களில் அவர் மனு எழுதிக்கொண்டும் இருந்தார். 1980, 1981, 1983 என்று மூன்று மனுக்கள். 'மேற்படி வழி சைக்கிள் ஓட்டத் தகுதியற்றது. நடை வழியாக மாற்றி இரண்டாம் ஊழியர் ஒருவரை நியமிக்க வேண்டும்.' வெறுமனே தகுதியற்றது என்றால் யார் நம்புவார்கள்? ஆகவே பாதையை மேலிருந்து கீழ்வரை அளந்து, சைக்கிள் ஓட்டவே முடியாத இடங்கள் ஐம்பத்தேழு என்று கணக்கெடுத்து, இடத்துக்கு ஓர் எண் கொடுத்து, சரிவு எத்தனை அடி, கல் எத்தனை அங்குலம் என்று பட்டியலிட்டு மனுவோடு இணைத்தார்.

பட்டியலின் நகல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. காலை ஊன்றாமல் ஓட்டி முடித்த இடத்துக்கு எதிரே நகலில் ஒரு சிறு புள்ளி வைப்பார். முதல் மனு போகும்போது ஒன்பது புள்ளி. இரண்டாம் மனுவுக்கு முப்பத்தொன்று. மூன்றாம் மனுவில் 'ஐம்பத்தேழு இடங்களிலும் அறவே இயலாது' என்று அவர் எழுதிய அன்று, பையில் நாற்பத்தொன்பது புள்ளிகள் இருந்தன. பொய் எழுதுகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. பொதுவாக ஓர் ஊழியரால் இயலாது என்பதுதானே பொருள் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

1984 அக்டோபரில் மாதையனின் மனைவி காவேரிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அப்துல் சுபான் அந்த வீட்டுச் சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிய மறுநாள் வந்த காய்ச்சல். பத்து ஊரையும் தனியாளாகச் சுற்றி முடித்து மறுபடி அவர் அங்கே வரப் பத்தொன்பது நாளாயிற்று. காவேரி பிழைத்துக்கொண்டார். ஆனால் தலைமுடி கொட்டிப்போய், ஒரு காது மந்தமாகிவிட்டது.  மாதையன் சுவரில் இருந்த இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டி, நடுவே இருந்த இடைவெளியையும் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

நான்காவது மனு அந்த வாரமே போனது. இந்த முறை அவருக்கு உண்மையாகவே இரண்டாம் ஆள் வேண்டியிருந்தது. பையில் இருந்த நகலில் அப்போது புள்ளி வைக்காத இடம் ஒன்றே ஒன்று. நாற்பத்தோராம் இடம். மலைக்காரர்கள் அதை ஆனைமுதுகு என்பார்கள். ஐம்பத்திரண்டு அடி நீளத்துக்கு உருண்டு திரண்ட மொட்டைப் பாறை. இடது பக்கம் இரண்டு பனைமர ஆழம். முடிவில் திடீரென்று இரண்டடிக்கு ஒரு படி. அங்கே மட்டும் எப்போதும் இறங்கித் தள்ளினார். அந்தப் பக்கமாக ஆடு மேய்க்கும் ராமக்காள் அதைத் தவறாமல் பார்ப்பாள்.

"எறங்கு பாயி, எறங்கு. ஒன்னால முடியாத எடம் வந்திருச்சு."

ஒருநாளும் அவர் பதில் சொன்னதில்லை.

1985 மே 9, வியாழக்கிழமை, வழியைச் சோதிக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வயது முப்பதுக்குள், நல்ல மனிதர். முதல் திருப்பம்வரை ஏறிப் பார்த்தார். பளபளப்பான பூட்ஸ் இரண்டுமுறை வழுக்கியது. திரும்பி வந்து புளியமரத்து நிழலில் நாற்காலி போடச் சொன்னார்.

"பாய், எனக்குப் பார்த்ததே போதும். ஆனா கோப்புல சோதனைன்னு ஒண்ணு வேணும். மேல போங்க, வழக்கம்போல வேலையப் பாருங்க, சைக்கிளத் தள்ளிக்கிட்டு எறங்கி வாங்க. தள்ளிக்கிட்டு வந்தத நான் பார்த்தேன்னு எழுதிட்டா ரெண்டாவது ஆள் வந்துருவாரு."

"தள்ளிக்கிட்டு வந்தா போதுங்களா?"

"அது போதும். சாயங்காலமானாலும் இங்கயே உக்காந்திருக்கேன்."

இதைவிட எளிதான வேலையை எந்தச் சர்க்காரும் எந்த ஊழியருக்கும் கொடுத்ததில்லை. அப்துல் சுபான் மேலே போனார். முப்பத்து நான்கு ஸ்லைடு எடுத்தார். மாதையன் வழியனுப்ப வந்தார்.

"இன்னிக்குத் தள்ளிக்கிட்டுத்தான் போவணும்ங்களா?"

"ஆமாங்க."

"பைய போங்க. எங்களுக்கும் ஒரு ஆளு கெடைப்பாரு."

காற்றைப் பாதி இறக்கினார். பழக்கம், தள்ளுவதற்கு அது தேவையில்லை. முதல் இடத்தைத் தள்ளிக்கொண்டு கடந்தார். இரண்டாம் இடம், மூன்றாம் இடம். நாலாம் இடத்தில் சைக்கிள் கையை மீறி முன்னே இழுத்தது. தள்ளினால் ஹேண்டில் பார் விலாவில் இடிக்கிறது, ஏறி நின்றால் இடிக்காது. அதிகாரி இருப்பது எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால், புளியமர நிழலில். கடைசித் திருப்பத்துக்கு முன்னால் இறங்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு ஓடினது போல அந்தச் சைக்கிள் எப்போதும் ஓடினதில்லை. பன்னிரண்டாம் இடத்தின் ஊற்றுக்கல், பத்தொன்பதின் உடைந்த படிகள், இருபத்தாறில் இரண்டு பாறைக்கு நடுவே பெடல் மட்டும் நுழையும் சந்து, எல்லாம் பின்னால் போயின. அவருக்கு அப்போது ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை, நாலுமுழ வேட்டி மடித்துக் கட்டி, கேரியரில் முப்பத்து நான்கு பேருடைய ரத்தம்.

ஆனைமுதுகின் உச்சியில் வழக்கம்போல நிறுத்தினார். கீழே ஆடுகளுக்கு நடுவே ராமக்காள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம் பாயி நின்னுட்ட? எறங்கு. எத்தினி வருசமா நானுந்தான் பாக்கறேன், ஒன்னால முடியாத எடம் இது."

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவர் பதில் சொன்னார்.

"ஆட்டை ஓரமா ஓட்டு."

பாறையின் நடுவே கைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதை அவர் பலமுறை பார்த்திருந்தார். முன் சக்கரத்தை அதில் வைத்தார். பிரேக்கை முழுதாகப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. இடது பக்கம் பார்க்கவில்லை. கடைசிப் படியில் உடம்பைப் பின்னால் இழுத்து, வயிறு சீட்டைத் தொட, சைக்கிளைக் கீழே போகவிட்டார். இரண்டு சக்கரமும் தரையைத் தொட்டன. கால் தொடவில்லை.

 ராமக்காள், "அட நாசமாப் போறவனே!" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள். அப்துல் சுபான் பெற்ற ஒரே பாராட்டு அதுதான்.

மீதிப் பதினாறு இடங்களை எப்படிக் கடந்தோம் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. கடைசித் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்பதும் நினைவில்லை. புளியமரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த அதிகாரியின் முன்னால், சரளை தெறிக்க வந்து நின்றார். புறப்பட்டு நாற்பத்து மூன்று நிமிடம்.

அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார்.

"பாய், என்ன பண்ணிட்டீங்க?"

அப்துல் சுபான் பெட்டியைத் திறந்து ஸ்லைடுகளை எண்ணினார். "ஒண்ணுகூட உடையலைங்க சார்" என்றார். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கடைசி நூறு அடியத்தான் நான் பார்த்தேன். மத்ததெல்லாம் தள்ளிக்கிட்டு வந்தீங்க. சரிதானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. பாதி ஆட்டவும் செய்தார்.

"உங்க பட்டியல்ல இருக்கிற அந்த ஆனைமுதுகை எல்லாம் யாரும் ஓட்ட முடியாது. அப்படித்தானே?" என்றார் அதிகாரி, உதவியாக.

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது.

"அதையும் ஓட்டித்தாங்க வந்தேன்."

அதிகாரி வேறு வழியில்லாமல் அதை எழுதிக்கொண்டார். ஜூன் 4 அன்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான்கு மனுக்களில் அறவே இயலாது என்று எழுதிய வழியை நாற்பத்து மூன்று நிமிடத்தில் கடந்தது எவ்வாறு?

அவருடைய வீட்டில் பேச்சு உருது. மனைவி அஸ்கரி பேகத்துக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழ். பக்கத்து வீடுகளுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

"தள்ளிக்கிட்டு வந்தேன்னு ஒரு வரி எழுதுங்களேன். கையி முறிஞ்சுருமா? முழங்காலுக்குத் தெனம் எண்ணெய் தேய்க்கிறது நானு. நல்லா ஓட்டுனீங்கன்னு ஆபீஸ்ல மாலை போடப் போறாங்களா?"

"ஒரு வரிதான் எழுதப் போறேன்" என்றார் அவர். எழுதினது பதினோரு பக்கம். ஐம்பத்தேழு இடங்களையும் வரிசைப்படி எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கமாக, எந்த பிரேக்கை எவ்வளவு பிடித்து ஓட்டினார் என்று எழுதினார். நாற்பத்தோராம் இடத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். சாட்சி: ராமக்காள், ஆடு மேய்ப்பவர்.

அந்தப் பதினோரு பக்கம் அலுவலகத்தில் மேசை மேசையாகப் போயிற்று. கடைசியில், நேரில் பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். 1986 ஜனவரியில் அவர் பாதையில் நடந்து ஏறினார். ஆனைமுதுகை உட்கார்ந்தபடி நகர்ந்து கடந்தார். கால்சட்டையின் பின்புறம் கிழிந்தது. ஆகஸ்ட் 12 அன்று உத்தரவு வந்தது. மேற்படி வழியில் எந்த மனிதராலும் சைக்கிள் ஓட்ட இயலாது. ஊழியரின் 9.5.1985 தேதிய கூற்று நம்பத்தக்கதல்ல. வழி உடனடியாக நடை வழியாக மாற்றப்படுகிறது. இரண்டாம் ஊழியர் நியமிக்கப்படுகிறார். சைக்கிள் ஓட்ட முடியாத வழிக்குத் தொண்ணூற்றொரு மாதம் பெற்ற சைக்கிள் படி ரூ. 1,092, மாதம் ரூ. 42 வீதம் இருபத்தாறு தவணைகளில் பிடித்தம் செய்யப்படும்.

அஸ்கரி பேகம் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சேமியா பாயசம் வைத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ரூபாயை மாதாமாதம் கொடுத்துவிடலாம். அப்துல் சுபான் பாயசத்தைத் தொடவில்லை.

"எல்லாம் சரிதான். நம்பத்தக்கதல்லன்னு போட்டிருக்காங்களே" என்றார்.

"நம்பலைன்னாத்தான உங்களுக்கு ஆள் வருது?"

 அவர் எழுந்து போய் ஒரு மனு எழுதினார். பிடித்தத்துக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டாம் ஊழியருக்கு நன்றி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கக் கோரிக்கை.

செப்டம்பரில் முனிராஜ் வேலைக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது, அரூர்ப் பக்கத்துக்காரர், நான்கு குழந்தைகளுக்குத் தகப்பன், நன்றாக நடப்பவர். உச்சி ஊர்கள் ஐந்தும் அவருக்கு. சைக்கிள் இப்போது அக்பர் அலி கடையின் உத்தரத்தில் தொங்கியது. நடை வழியில் சைக்கிள் கொண்டுபோனால் விதிமீறல்.

1987 ஜனவரி 30 அன்று மனுவுக்குப் பதில் வந்தது. ஊழியர் மேற்படி வழியில் சைக்கிள் ஓட்டியதாக இன்னமும் கூறினால், வழி சைக்கிள் வழியாகவே கருதப்பட்டு, இரண்டாம் பணியிடம் ரத்தாகும். படியின் பிடித்தமும் நிறுத்தப்படும். ஓட்டினாரா, இல்லையா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஓட்டவில்லை என்று கொள்ளப்படும்.

பதிலை அன்று மாலையே எழுதிவிட்டார். ஒரே வார்த்தை: ஓட்டினேன். உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 6 அன்று முனிராஜ் அடிவாரத்து டீக்கடையில் அவரைப் பார்த்தார்.

"பாய், மாதையன் வூட்டம்மாவுக்கு மறுபடி காய்ச்சலுங்க. செவ்வாக்கிழம ஆரம்பிச்சுது, புதன்கிழம நான் போய்ட்டேன், ஸ்லைடு எடுத்தாச்சு. இன்னிக்கு மாத்திரை கொண்டுட்டுப் போறேன். நாலு நாள்தான் ஆவுது. ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது" என்றார் அப்துல் சுபான்.

முனிராஜ் மலைப்பாதையில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார். தபால் பெட்டி டீக்கடைத் தூணில்தான் தொங்கியது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். டீயைக் குடித்து முடித்தார். தன் பங்கு ஊர்களுக்கு நடந்து போனார்.

ராமக்காள் வீட்டில் வழக்கமாகத் தேதி போடும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"ஆபீசுல என்ன சொல்லிட்டாங்க பாயி?"

"நான் ஓட்டலையாம்."

"எவன் சொன்னான்? நான் பாத்தேனில்ல? என்னெ வந்து கேக்கச் சொல்லு!"

"கேக்க மாட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

அவர் சுவரில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார். "நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

பதினைந்து நாள் பிப்ரவரி 14 அன்று முடிந்தது. உறை பையிலேயே இருந்தது. 9.5.1985 அன்று வத்தல்மலைப் பாதையில் யாரும் சைக்கிள் ஓட்டவில்லை என முடிவு செய்து, கோப்பை மூடிய கடைசிக் கடிதம் 1987 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.